திரும்பக் கூட்டிவரட்டும்

வியாழக்கிழமை சாயங்காலம் எத்தெல்கா வீட்டு வாசலில் நின்று எவ்வளவு கத்தினாலும் நாய்தான் பதில் சொல்லும். அவள் தோட்டத்துச் சமையல்கட்டில் வெள்ளரிக்காய்ப் பெட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, உச்சியில் மடிக்கணினியை வைத்து, காதில் ஒயரைச் செருகிக்கொண்டு வேதபாடம் படித்துக்கொண்டிருப்பாள். கரண்ட் போய்விட்டால் டிராக்டர் பேட்டரியில் ஓட்டுவாள். அந்த பேட்டரியைத் தூக்கி வந்து மாட்டிக் கொடுக்கிறவன் நான். பக்கத்து வீடு, தேனெஷ் என்று பெயர். கோயில் மணி அடிப்பது என் வேலை. சின்ன வயதில் கதிரடிக்கிற மெஷின் என் இடது காலை முடமாக்கிவிட்டது. அன்றைக்கு என் அம்மா அழுத அழுகைக்கு ஊரே கூடியது. இன்றைக்கு இந்த ஊரில் பட்டப்பகலில் பயமில்லாமல் நடக்கிற நாலைந்து ஆம்பளைகளில் நான் ஒருவன் என்றால் அந்தக் காலுக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும்.

தீஸா ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஹங்கேரி, இந்தப் பக்கம் நாங்கள். பேசுவது அக்கரை பாஷை, சண்டைக்குக் கூப்பிடுவது இக்கரை அரசாங்கம். சண்டை ஆரம்பித்த வருஷம் எங்கள் போதகர் சபோல்ச், மனைவி பிள்ளைகளோடு அக்கரைக்குப் போனார். ஒரே மாதத்தில் வந்துவிடுவேன், ரோஜாச் செடிக்குத் தண்ணி விடு என்று என்னிடம் சாவியைக் கொடுத்தார். ரோஜா நன்றாக இருக்கிறது.

போனவர் சும்மா இருக்கவில்லை, பாவம். போதகர் இல்லாத சபைகளை நடத்துவதற்கு ஊர்க்காரர்களைத் தயார் பண்ண வேண்டும் என்று அக்கரையில் இருந்தபடியே இணையத்தில் பாடம் நடத்த ஆரம்பித்தார். சபை மூப்பர்கள் ஒரு பாதி, ஏற்கனவே அபிஷேகம் பெற்ற போதகர்கள் மறுபாதி. ஏழு ஊருக்கு ஒரே போதகராக அலைகிற எர்னோ கிழவர்கூட அதில் உண்டு. அவர் காரை ரோட்டோரம் நிறுத்தி, தொப்பியைக்கூடக் கழற்றாமல் பாடம் கேட்பார். சில நாள் குறட்டையும் கேட்கும். எங்கள் சபைக்கு எத்தெல்கா. பாடம் முடித்துத் தேறினால்தான் அவள் பிரசங்க மேடையில் சொந்தமாக வாய் திறக்கலாம். அதுவரைக்கும் எழுதி அனுப்பியதை வாசிக்க மட்டும்தான் அனுமதி.

பாடத்தில் பாதி படிப்பு, பாதி ஆத்தும வளர்ச்சி. வாராவாரம் ஒரு கேள்வி வரும். உட்கார்ந்து யோசித்து நேர்மையாகப் பதில் எழுத வேண்டும். ஒரு வாரம் வந்த கேள்வி, உன் வாழ்க்கையில் எதை மறைத்து வைத்திருக்கிறாய் என்பது. எத்தெல்கா எழுதி எழுதி அழித்தாள். கடைசியில், கோபத்தை மறைக்கிறேன் என்று எழுதி அனுப்பினாள்.

அவள் மறைத்து வைத்திருந்தது மகனை. பார்னாவுக்கு இருபத்தாறு வயது. பட்டாளத்துக்கு அழைப்பு வந்த நாளிலிருந்து அவன் வாசல் தாண்டியதில்லை. அக்கரையில் தெப்ரெத்சென் பட்டணத்தில் வேலைக்குப் போய்விட்டான் என்று எத்தெல்கா சொன்னாள். நாங்களும் ஆமாம் என்றோம். ஊரில் எல்லோருக்கும் தெரியும், யாரும் பேசமாட்டார்கள். அவன் பகலெல்லாம் வீட்டுக்குப் பின்னால் இருக்கிற பிளாஸ்டிக் கூடாரத்தில் வெள்ளரிக்கொடி கட்டிக்கொண்டிருப்பான். உள்ளே கணப்பு எரிவதால் பிளாஸ்டிக்கில் ஆவி படிந்து வெளியிலிருந்து ஒன்றும் தெரியாது. இலைக்கு அடியில் வளர்ந்த காய் மாதிரி வெளுத்துப் போயிருந்தான். அப்பன்காரன் லோரின்ஸ் சண்டைக்கு முன்னாலேயே செக் நாட்டுக்குக் கட்டட வேலைக்குப் போனவன், வந்தால் திரும்ப முடியாது என்று அங்கேயே கிடந்தான்.

பங்குனி மாதம், பனி கரைந்து ஊரே சேறாகக் கிடந்த நேரம், சண்டையிலிருந்து கெர்கோவின் சவப்பெட்டி வந்தது.

கெர்கோ அழைப்பு வந்ததும் போனவன். அவன் அம்மா பிரோஷ்கா பள்ளிக்கூடத்தில் சமைக்கிறவள், புருஷன் இல்லாதவள். போகாதே என்று அவளும் சொன்னாள். யாராவது போய்த்தானே ஆகணும் என்றானாம். அவனும் பார்னாவும் இடுப்பளவு உயரத்திலிருந்து ஒன்றாகத் திரிந்தவர்கள். ஒரே வருஷம் சபை முன்னால் விசுவாசத்தை அறிக்கையிட்டுத் திடப்படுத்தல் பெற்ற ஐந்து பையன்களில் இரண்டு பேர்.

எங்கள் ஊரில் திடப்படுத்தல் கூட்டாளி என்றால் உடன்பிறந்தவனுக்கு ஒரு படி மேலே. ஒருத்தன் செத்தால் மற்றவர்கள் பெட்டி தூக்க வேண்டும். மறுநாள் காலையில் அவர்களே போய் மண்மேடு கட்ட வேண்டும். அதோடு குழியருகே விடைபெறுதல் என்று ஒன்று உண்டு. செத்தவன் பேசுவதுபோல போதகர் ஒவ்வொருவர் பேரையும் சொல்லி விடைபெறுவார். வர முடியாதவன் இருந்தால் அவன் எங்கே இருக்கிறான் என்று சொல்ல வேண்டும். அதற்குக் கூட்டம் மொத்தமும், 'கர்த்தர் அவனைத் திரும்பக் கூட்டிவரட்டும்' என்று பதில் சொல்லும். பேரை விட்டுவிட்டால் அது பெரிய அவமானம். செத்தவன் அவனோடு பகையாகப் போனான் என்று அர்த்தம். அப்படி விடுபட்டவன் வீட்டோடு பத்து வருஷம் பேச்சுவார்த்தை இல்லாமல் போனதை நானே பார்த்திருக்கிறேன்.

பெட்டி வந்த அன்று மத்தியானம் எத்தெல்கா வீட்டுக்குப் பேட்டரியைக் கொண்டுபோய் வைத்தேன். எத்தெல்கா புகைபோட்ட பன்றிக்கறி போட்டுப் பயற்றங்காய்க் கொட்டை சூப் வைத்திருந்தாள். எனக்கு ஒரு தட்டு, அவளுக்கு ஒரு தட்டு, பார்னாவுக்கு ஒரு தட்டு. இரண்டு வாய் சாப்பிட்டிருப்போம். நாய் குரைத்தது. பார்னா சத்தமில்லாமல் எழுந்து பின்கதவு வழியாகக் கூடாரத்துக்குப் போனான். பிரோஷ்கா உள்ளே வந்தாள். கருப்புத் துணி தலையில், காலில் மகனுடைய ரப்பர் பூட்ஸ்.

“ஆசீர்வாதமும் சமாதானமும்” என்றாள், வழக்கம்போல.

“ஆசீர்வாதமும் சமாதானமும். உக்காரு பிரோஷ்கா. சூப் ஊத்தட்டுமா?”

“வேண்டாம். வாய்க்குள்ள போக மாட்டேங்குது.” உட்கார்ந்தாள். மூன்றாவது தட்டு அவள் முன்னால்தான் இருந்தது. ஆவி பறந்துகொண்டிருந்தது. பாதி கடித்த ரொட்டி பக்கத்தில். அதைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். “தேனெஷு, நீ ரெண்டு தட்டுல சாப்பிடுவியா இப்பல்லாம்?”

“பசிக்குது, என்ன பண்றது” என்றேன். வேறு என்ன சொல்ல.

அவள் ரொட்டியை எடுத்துத் தட்டின் விளிம்பில் ஒழுங்காக வைத்தாள். “எர்னோ ஐயாவுக்கு போன் பண்ணேன். சனிக்கிழமை அவருக்கு மேலூர்ல வேற ஒரு பையனை அடக்கம் பண்ணணுமாம். எத்தெல்கா இருக்காளே, அவ படிச்சிருக்கா, அவ நடத்தட்டும்னாரு.”

“நான் இன்னும் தேறலையே பிரோஷ்கா.”

“இதுதான் பரீட்சைன்னு சொன்னாரு. நிஜமான ஒரு அடக்கம் நடத்தி, படம் எடுத்து அனுப்பணுமாமே? என் பிள்ளை மேல பரீட்சை எழுதிக்கோ. அவன் பள்ளிக்கூடத்துல யாருக்கும் பரீட்சை எழுதிக் கொடுத்ததில்லை, இப்பவாவது உதவட்டும்.”

எத்தெல்கா அவள் கையைப் பிடித்தாள். இரண்டு பேருமே அழவில்லை. வெளியே வாத்து கத்தியது.

“பெட்டியை அவன்கூட இருந்த பட்டாளத்துப் பசங்க தூக்குறாங்களாம்” என்றாள் பிரோஷ்கா. “நல்ல பசங்க. நம்ம பாஷை தெரியாது. ஆனா கூட்டாளிங்க பேரைச் சொல்லணும் எத்தெல்கா. நாலு பேர் பேரும். ஒருத்தனையும் விடக்கூடாது.”

“சொல்றேன்.”

“லெவென்தே ஜெர்மனியில லாரி ஓட்டுறான். ஷோம்போர் செக் நாட்டுல, பிர்னோவுல. மிக்ளோஷ் அக்கரையில, செங்கல் சூளையில.” நிறுத்தினாள். “பார்னா.”

என் தட்டில் இருந்த கறித்துண்டை நான் எண்ணிப்பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“நான் உன்னை ஒண்ணும் கேக்கலை” என்றாள் பிரோஷ்கா. “எனக்கும் ஒரு பின்கதவு இருந்துச்சு. என் பிள்ளை அதுல போகமாட்டேன்னுட்டான். அவ்வளவுதான் வித்தியாசம். உன் வாய்க்கு என்ன வருதோ அதைச் சொல்லு. ஆனா பேரைச் சொல்லு. கடைசியா போன்ல பேசுறப்போ, பார்னா எப்படி இருக்கான்னு கேட்டான் அவன்.”

எழுந்து போனாள். வாசலில் திரும்பி, “சூப் ஆறுது, கூப்பிட்டுக் கொடு” என்றாள்.

அன்று வியாழக்கிழமை. சாயங்காலப் பாடத்தில் எத்தெல்கா ஒரு கேள்வி கேட்டாள். நான் பேட்டரி ஒயரைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் இருந்தேன், அது அடிக்கடி கழன்றுகொள்ளும்.

“ஐயா, குழிக்குப் பக்கத்துல நின்னு ஒரு பொய் சொல்ல வேண்டி வந்தா என்ன பண்றது? உண்மையைச் சொன்னா உசுருக்கு ஆபத்துன்னா?”

முதலில் எர்னோ கிழவர்தான் காருக்குள்ளிருந்து பேசினார். “அந்த இடத்தைத் தாண்டிப் போயிடணும்மா. ஒண்ணும் சொல்லாம.”

“தாண்ட முடியாதுங்க ஐயா. பேரை விட்டா அது அதைவிட மோசம்.”

“ஓ, விடைபெறுதலா” என்றார் கிழவர். தொப்பியைக் கழற்றினார். அவர் கழற்றி நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

சபோல்ச் போதகர் புஸ்தகத்தைத் திறந்து, மறுபடி மூடினார். அவர் பின்னால் வெள்ளைச் சுவர், நல்ல விளக்கு. “எத்தெல்கா” என்றார் கடைசியில். “புஸ்தகத்துல இதுக்கு ஒரு பதில் இருக்கு. நான் அதை வாசிச்சுக் காட்டலாம். ஆனா அந்தக் கரையில நிக்கிறது நீங்க. இந்தக் கரையில உக்காந்துக்கிட்டு அதைச் சொல்ல எனக்கு வாய் வரலை. எனக்காக ஜெபம் பண்ணுங்க.”

“நானா உங்களுக்கா?” என்று கேட்டாள் எத்தெல்கா. கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே புரியாமல் கேட்டாள். அதற்குள் என் கையிலிருந்த ஒயர் கழன்று திரை கறுத்துவிட்டது. வேண்டுமென்றே கழற்றினாயா என்று அவள் அப்புறம் என்னைத் திட்டினாள். இல்லை, தானாகத்தான் கழன்றது.

அவளுக்குக் கூடாரத்தில் இன்னொரு பரீட்சை காத்திருந்தது. கணப்புக்கு விறகு போட நானும் கூடப் போனேன். பார்னா கொடியைக் கயிற்றில் சுற்றிக்கொண்டிருந்தான். பக்கக் கிளையை நகத்தால் கிள்ளி எறிவதை அவன் நிறுத்தவே இல்லை.

“அம்மா, நான் தூக்கணும். என் தோள் அங்க இருக்கணும்.”

“தோள் இருக்கணும்னா உயிர் இருக்கணும். பட்டாளத்துக்காரங்க அத்தனை பேர் நடுவுல போய் நிப்பியா? பைத்தியமா உனக்கு?”

“அவங்களும் என் வயசுதான். என்னை என்ன கடிச்சா தின்னுடுவாங்க?”

“கடிக்க மாட்டாங்க. கூட்டிட்டுப் போவாங்க.”

“கெர்கோவை மட்டும் கூட்டிட்டுப் போகலாமா?”

எத்தெல்கா அவனை அறைந்தாள். இருபத்தாறு வயதுப் பையனை. பிறகு அதே கையால் அவன் சட்டையிலிருந்த இலையைத் தட்டிவிட்டாள். “எனக்குச் சரி எதுன்னு தெரியும்டா. வாராவாரம் அதைத்தான் படிக்கிறேன். தெரிஞ்சு என்ன பிரயோஜனம்? நான் உன்னை இழக்க மாட்டேன்.”

“என் பேரை என்னன்னு சொல்லுவே?”

அவள் ஒரு விறகை எடுத்து என் கையில் கொடுத்தாள். விறகு எல்லாம் ஈரம், பற்றிக்கொள்ளவே இல்லை. நான் ஊதிக்கொண்டே இருந்தேன்.

சனிக்கிழமை மழை தூறியது. ஆம்பளைச் சாவுக்கு மணியை மூன்று தரம் நிறுத்தி நிறுத்தி அடிக்க வேண்டும். அடித்து முடித்து, குறுக்கு வழியில் நொண்டிக்கொண்டு கல்லறைத் தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது குழியைச் சுற்றிக் கூட்டம் நின்றிருந்தது. பெண்கள் ஒரு பக்கம், ஆண்கள் பக்கம் கிழவர்களும் நானும். பட்டாளத்துப் பையன்கள் ஆறு பேர், காதெல்லாம் சிவந்து, சேற்றில் நின்றார்கள். எத்தெல்கா போனை என் கையில் கொடுத்தாள். பரீட்சைக்குப் படம் எடுக்க வேண்டும், அதோடு இத்தாலியில் இருக்கிற பிரோஷ்காவின் மகளும் அக்கரையில் இருக்கிறவர்களும் அதே போன் வழியாக நேரடியாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கூடாரத்தில் பார்னாவும் பார்த்துக்கொண்டிருப்பான் என்று எனக்குத் தெரியும்.

எத்தெல்கா நன்றாகப் பேசினாள். அழகாகப் பேச முயலவில்லை. கெர்கோ சின்னவனாக இருந்தபோது கோயில் தோட்டத்துச் செர்ரிப் பழத்தைத் திருடித் தின்று, நாவெல்லாம் சிவக்க நின்றுகொண்டு, இல்லை என்று சாதித்ததைச் சொன்னாள். பிரோஷ்கா முகத்தில் ஒரு நொடி சிரிப்பு வந்தது. அந்த ஒரு நொடிக்கே எத்தெல்காவைப் பரீட்சையில் தேற வைக்கலாம் என்று நினைத்தேன்.

பிறகு விடைபெறுதல். அம்மாவிடம், அக்காவிடம், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளிடம். பிறகு கூட்டாளிகள்.

“என்னோடு திடப்படுத்தல் பெற்ற லெவென்தே, ஜெர்மனியில் இருக்கிறவனே, உன்னிடம் விடைபெறுகிறேன்.”

“கர்த்தர் அவனைத் திரும்பக் கூட்டிவரட்டும்” என்றது கூட்டம். கிழவர்கள் குரல் அடியிலும் பெண்கள் குரல் மேலுமாகக் கல்லறைத் தோட்டமே அதிர்ந்தது. ஷோம்போருக்கும் அப்படியே. மிக்ளோஷுக்கும் அப்படியே.

“என்னோடு திடப்படுத்தல் பெற்ற பார்னா.” எத்தெல்கா நிறுத்தினாள். குழியைப் பார்த்தாள். மழை அவள் கையிலிருந்த தாளில் விழுந்தது. “தெப்ரெத்சென் பட்டணத்தில் இருக்கிறவனே. உன்னிடம் விடைபெறுகிறேன்.”

யாரும் பதில் சொல்லவில்லை.

யாரும் கெட்டவர்கள் இல்லை. பக்கத்து வீட்டில், கடையில், அதிகாரி முன்னாலும்கூட அவனுக்காக எல்லோரும் பொய் சொல்லியிருந்தோம், இன்னும் சொல்லுவோம். ஆனால் திறந்த குழிக்கு முன்னால், நாலு வீடு தள்ளி வெள்ளரிக்கொடி கட்டிக்கொண்டிருக்கிறவனைத் திரும்பக் கூட்டிவா என்று கடவுளிடம் கேட்க ஒருவருக்கும் நாக்கு எழவில்லை. நானும் வாயைத் திறந்தேன், சத்தம் வரவில்லை. எல்லோரும் அவரவர் செருப்பைப் பார்த்தோம். பட்டாளத்துப் பையன்களுக்கு எங்கள் பாஷை தெரியாது, ஆனால் மூன்று பேருக்கு முழங்கிய இடம் நாலாவதற்கு அடங்கிப்போனது யாருக்கும் புரியும். அவர்களில் ஒருவன் தலையைத் திருப்பிக் கூட்டத்தைப் பார்த்தான். எத்தெல்கா முகத்தை அப்படி நான் பார்த்ததே இல்லை, இனிப் பார்க்கவும் வேண்டாம்.

“கர்த்தர் அவனைத் திரும்பக் கூட்டிவரட்டும்.”

பிரோஷ்கா. தனியாக. சத்தமாக, பள்ளிக்கூடச் சாப்பாட்டறையில் பிள்ளைகளைக் கூப்பிடுகிற குரலில். சொல்லிவிட்டுத் திரும்பி எங்கள் எல்லோரையும் ஒரு பார்வை பார்த்தாள். உடனே கூட்டம் முழுக்க அவள் பின்னால் சொல்லியது. திரும்பிப் பார்த்த பையனும் தலையைக் குனிந்துகொண்டான்.

அடக்கம் முடிந்து பிரோஷ்கா வீட்டில் சாப்பாடு. முட்டைக்கோஸ் இலையில் அரிசியும் கறியும் சுருட்டி வேகவைத்தது, பிளம் சாராயம். எத்தெல்கா ஒரு வாய் சாப்பிடவில்லை. கிளம்பும்போது பிரோஷ்கா ஒரு கிண்ணத்தில் நாலு சுருளை வைத்துத் தட்டால் மூடி அவள் கையில் கொடுத்தாள். “வீட்டுக்கு எடுத்துட்டுப் போ. சூடா இருக்கிறப்பவே” என்றாள். யாருக்கு என்று சொல்லவில்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. முதல் மணி அடிக்க நான் கோபுரத்துக்குப் போய்க்கொண்டிருந்தேன். எத்தெல்கா வீட்டு முன்கதவு திறந்தது. பார்னா தோளில் மண்வெட்டியும் கையில் கழுவின கிண்ணமுமாகத் தெருவுக்கு வந்தான். வெயிலுக்குக் கண் கூசி அப்படியே நின்றான். பிறகு என்னைப் பார்த்து, “ஆசீர்வாதமும் சமாதானமும், தேனெஷ் மாமா” என்றான்.

“எங்கடா போற? உள்ள போ!”

“மேடு கட்டணும். வேற யாரு இருக்கா?”

எத்தெல்கா வாசற்படியில் நின்றாள். தடுக்கவில்லை. ராத்திரியெல்லாம் தடுத்துப் பார்த்து ஓய்ந்திருப்பாள் என்று பார்த்தாலே தெரிந்தது.

அவன் தெரு நடுவில் நடந்தான். ஜன்னல் திரைகள் அசைந்தன. பிரோஷ்கா வீட்டு வாசலில் கிண்ணத்தைக் கொடுத்தான். அவள் அவன் கன்னத்தில் கை வைத்ததைக் கோபுரத்திலிருந்து பார்த்தேன். பிறகு கல்லறைத் தோட்டத்துக்குப் போய் மண்மேட்டை நாலு பக்கமும் தட்டித் தட்டிச் சீராகக் கட்டினான். தனியாள் வேலை இல்லை அது, ஆனால் கட்டினான். திரும்பும்போது முச்சந்தியில் பட்டாளத்துக்கு ஆள் பிடிக்கிற வண்டி ஒன்று நின்றது. யாரும் காட்டிக்கொடுக்கவில்லை, சத்தியமாகச் சொல்கிறேன். அந்த ரோட்டில் அது அடிக்கடி நிற்பதுதான். காகிதம் கேட்டார்கள். அவன் மண்வெட்டியை வேலியில் சாய்த்து வைத்துவிட்டு, கையைப் பேண்ட்டில் துடைத்துக்கொண்டு, ஏறிக்கொண்டான். ஓடவில்லை.

மண்வெட்டியை நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன். எத்தெல்கா கூடாரத்தில் உட்கார்ந்திருந்தாள். கட்டாமல் விட்ட கொடிகள் தரையில் கிடந்தன.

“நான் உண்மையைச் சொல்லியிருந்தா நேத்தே போயிருப்பான்” என்றாள். “பொய் சொன்னேன் தேனெஷு. ஒரு ராத்திரி கிடைச்சுது.”

அந்த வாரம் பரீட்சை முடிவு வந்தது. தேறிவிட்டாள், நல்ல மதிப்பெண். சபோல்ச் போதகர் கீழே எழுதியிருந்தார்: நாலாவது பெயரில் நீங்கள் நிறுத்திய இடம் மிகவும் நேர்மையானது, தூரத்தில் இருக்கும் மகனுக்காக ஏங்கும் ஒரு தாயின் மனம் அங்கே தெரிந்தது. எத்தெல்கா அதை எனக்கு வாசித்துக் காட்டினாள். வாசித்து முடித்து, கணினியை மூடி, அதன்மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அப்புறம் கொடிகளை ஒவ்வொன்றாகத் தூக்கிக் கட்ட ஆரம்பித்தாள். நானும் ஒரு வரிசை கட்டினேன்.

அடுத்த ஞாயிறு அவள் முதல்முறையாகச் சொந்தமாகப் பேசப் பிரசங்க மேடையில் ஏறினாள். கருப்பு உடை, நகத்தடியில் வெள்ளரிக்கொடியின் பச்சை. பிரசங்கம் பண்ணவில்லை.

“போன வாரம் குழிக்கு முன்னால நின்னு உங்க எல்லாரையும் ஒரு பொய்க்கு பதில் சொல்ல வெச்சேன்” என்றாள். “இந்த மேடைக்கு எனக்குத் தகுதி இருக்கான்னு தெரியலை. வேற ஆளும் இல்லை. அதனால இன்னைக்கு ஜெபம் மட்டும் பண்ணிட்டு இறங்கிடறேன்.”

சண்டையில் இருக்கிற எங்கள் ஊர்ப் பையன்களின் பெயர்களைப் படித்தாள். படித்து முடித்துத் தாளை மடித்தாள். தாளில் இல்லாத பெயரை மனசிலிருந்து சொன்னாள்.

“என் மகன் பார்னா. எங்க இருக்கான்னு எனக்குத் தெரியாது.”

பெண்கள் பக்கத்தில், முதல் வரிசையில், பிரோஷ்கா எழுந்து நின்றாள். சொல்ல வாயெடுத்தாள், குரல் உடைந்து போயிற்று. இந்தத் தடவை அவளுக்காக நாங்கள் காத்திருக்கவில்லை. கிழவர்களும் பெண்களும் நானும், கூரை இடியும்படி, ஒரே குரலில் சொன்னோம்.